கொழுப்பு யாருக்கு?

சென்ற தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலை போட்டுப் பருப்பும் வந்துவிட்டது. பின்னாலேயே நெய்க் கிண்ணத்தோடு ஒரு பையன் வந்தான். என் இடப்பக்கத்தில் இருந்தவர் ஓய்வு பெற்ற அதிகாரி போலும். குரலில் இன்னும் உத்தியோகம் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் இலைக்கு மேலே குடைபோல விரித்து, “வேண்டாம், வேண்டாம், கொலஸ்ட்ரால்!” என்று கத்தினார். பையன் மிரண்டுபோய் நகர்ந்தான். அடுத்து வடைத் தட்டு வந்தது. அதே மனிதர் ஒன்றுக்கு மூன்றாக மெதுவடை கேட்டு வாங்கி, அவற்றில் ஒன்றை முதல் காரியமாக முடித்துவிட்டு, “தாவர எண்ணெயில் போட்டதுதான். இதில் கொலஸ்ட்ரால் கிடையாது” என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

என் வலப்பக்கத்தில் இருந்தவர் முப்பது வயது வாலிபர். அவர் சிரித்தார். “சார், கொலஸ்ட்ரால்னு ஒரு வியாதியே கிடையாது. மாத்திரை விக்கிறதுக்காக வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை. எங்க தாத்தா தினம் ஒரு கரண்டி நெய் ஊத்திச் சாப்பிட்டார். தொண்ணூத்திரண்டு வயசு வரை இருந்தார்” என்று சொல்லி, மிரண்டு போன பையனைக் கைதட்டிக் கூப்பிட்டு இரண்டு கரண்டி நெய்யை வாங்கிக்கொண்டார்.

இரண்டு கட்சிக்காரர்களுக்கும் நடுவில் நான். “நீங்க எழுதறவங்களாச்சே, நீங்க சொல்லுங்க” என்று மத்தியஸ்தத்துக்கு என்னை இழுத்தார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினேன். பேசாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருந்த குற்றத்துக்குத்தான் இப்போது இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். இந்த இரண்டு பேருமே ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒருவர் கொலஸ்ட்ராலைப் பாவம் என்கிறார். மற்றவர் அதைப் பொய் என்கிறார். அது பாவமும் அல்ல, பொய்யும் அல்ல. அது ஒரு எண். அளந்து பார்க்க வேண்டிய எண். அளந்த பிறகு வருஷங்களால் பெருக்கிப் பார்க்க வேண்டிய எண். இந்தச் சின்னக் கணக்கைப் போட மறுத்து, நாம் நாக்கைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் பேசிக்கொண்டே இருக்கிறோம். பேசிக்கொண்டே செத்தும் போகிறோம்.

நான் வைத்தியன் அல்லன். இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய் விஞ்ஞானத்தை நுனிப்புல் மேய்ந்துவிட்டுக் கதை எழுத வந்தவன். ஆனால் இந்த விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது.

தமிழில் இந்தச் சங்கதிக்கு வாய்த்த பெயரே ஒரு துரதிருஷ்டம். ‘கொழுப்பு’ என்றால் நமக்கு அது உடம்பில் இருக்கிற ஒரு பண்டம் மட்டும் அல்ல. அது ஒரு குணம். எதிர்த்துப் பேசுகிற பிள்ளைக்குக் கொழுப்பு. கொடுத்த கடனைக் கேட்டால் முறைக்கிறவனுக்குக் கொழுப்பு. வாய்க்கொழுப்பு, பணக்கொழுப்பு, தின்ற கொழுப்பு என்று அதற்கு எத்தனை பட்டங்கள்! ஆகவே, ஒரு டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு “உங்களுக்குக் கொழுப்பு அதிகம்” என்று சொன்னால், தமிழன் காதில் அது பரிசோதனையின் முடிவாக விழுவதில்லை; திட்டாக விழுகிறது. பருத்த மனிதன் தலைகுனிந்து அந்தத் திட்டை வாங்கிக்கொள்கிறான். ஒல்லி மனிதனோ, ‘எனக்கா?’ என்று சிரிக்கிறான்.

என் அண்ணன் அப்படித்தான் சிரித்தார்.

பெரியப்பா மகன், என்னைவிட ஏழு வயது மூத்தவர். அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பிறந்தது முதல் சைவம். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. விடிவதற்கு முன்னால் சைக்கிளில் தாமிரபரணிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது இவரும் போயிருக்கிறார். அன்று ராத்திரி எனக்கு டெலிபோன் செய்தார்.

“ஏலே, எனக்குக் கொழுப்பாம்லே! டாக்டர் சொல்லுதாரு. எரநூத்தி நாலாம்!”

“உங்களுக்கா? உங்களுக்குக் கொழுப்புன்னா, ஊர்ல மத்தவனுக்கெல்லாம் என்னன்னு சொல்றது அண்ணே? காகிதம் மாறிப்போயிருக்கும்” என்றேன் நான். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

அந்த 204 என்பது எல்.டி.எல். என்கிற பகுதியின் அளவு. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. அது 100-க்குள் இருக்க வேண்டும் என்பதோ, 190-க்கு மேல் போனால் வீட்டுச் சோற்றைச் சந்தேகிப்பதற்கு முன்னால் வம்சத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. தெரியாதவன் சிரித்தேன்.

நிற்க. கொலஸ்ட்ரால் என்பது என்ன?

மெழுகு மாதிரி ஒரு பண்டம். பித்தப்பைக் கல்லில் அதை முதலில் கண்டார்கள். அதனால்தான் பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஷெவ்ரல், பித்தத்தையும் கெட்டிப்பொருளையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இருநூறு வருஷங்களுக்கு முன் அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் திட்டு எதுவும் இல்லை. உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் சுவர் எழுப்ப அது வேண்டும். பித்தநீருக்கு அது வேண்டும்; ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய ஹார்மோன்களுக்கு அது வேண்டும். வேண்டிய சரக்கு என்பதால், சாப்பாட்டை நம்பியிராமல் உடம்பே அதில் பெரும்பங்கைச் செய்துகொள்கிறது. முட்டையைத் தொடாத என் அண்ணனுக்கும் அது இருந்ததற்குக் காரணம் அதுதான்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது அல்லவா? அதுபோல இதுவும் ரத்தத்தில் கரையாது. ஆகவே தோணியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். எல்.டி.எல். ஒரு தோணி, எச்.டி.எல். வேறொரு தோணி. ஏற்றுகிற சரக்கு ஒன்றே. நாமோ அங்கேயும் போய், ‘நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால்’ என்று தோணிக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதிவிட்டோம். ‘எனக்குக் கெட்டது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நல்லதும் அதிகம், அது பார்த்துக்கொள்ளும்’ என்று ஆறுதல் அடைகிறவர்கள் பலர். எச்.டி.எல்.லை உயர்த்துவதற்கென்றே செய்த ஒரு மருந்தின் பரிசோதனையை, சாவு அதிகமானதால் 2006-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. எல்.டி.எல். தோணிகள் கூடிப்போனால் கூடிப்போனதுதான், அதற்கு எச்.டி.எல். ஜாமீன் நிற்காது.

கூடிப்போன தோணிகள் என்ன செய்கின்றன? சாக்கடைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பதுபோல ரத்தக் குழாயை அடைக்கின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. அவை குழாயின் உள்தோலுக்கு அடியில், சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அங்கே புண் மாதிரி, கட்டி மாதிரி ஒன்று பல வருஷங்களாகச் சத்தமில்லாமல் வளர்கிறது. வலிக்காது, மூச்சு வாங்காது, சைக்கிள் ஓட்டுகிறவன் ஓட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் அந்தக் கட்டியின் மேல்தோல் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். நிமிஷங்களில் குழாய் அடைபட்டுப்போகும். ‘நேற்றுக்கூட என்னோடு பேசிக்கொண்டிருந்தாரே!’ என்று சாவு வீட்டில் சொல்கிறோமே, அதற்கு அர்த்தம் இதுதான். நேற்று அவருக்கு ஒன்றும் இல்லை என்பது அல்ல. இருபது வருஷமாக இருந்தது நேற்று வரை தெரியவில்லை என்பதே அர்த்தம்.

ஆகவே இது வட்டிக் கணக்கு. எண் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று இரண்டையும் பெருக்க வேண்டும். ஒருநாள் பந்தியில் சாப்பிட்ட ஒரு கரண்டி நெய்யில் இந்தக் கணக்கு தொடங்கவும் இல்லை. ஒரு கரண்டி நெய்யை மறுத்ததில் அது தீரவும் இல்லை.

இப்போது பந்திக்குத் திரும்பி, என் இடப்பக்கத்துக்காரரை முதலில் விசாரிக்கலாம்.

எண்ணெய்ப் பொட்டலத்தின்மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு இருதயப் படமும் இருக்கும். ஐயா, எந்தக் கடலை எண்ணெயில், எந்த நல்லெண்ணெயில் என்றைக்குக் கொலஸ்ட்ரால் இருந்தது? அது பிராணிகளின் உடம்பில் இருக்கிற பண்டம். செடியில் செய்த எண்ணெயில் அது இல்லை என்று பெருமை அடித்துக்கொள்வது, ‘எங்கள் பசு முட்டையிடாது’ என்று விளம்பரம் செய்வதைப் போன்றது. சொன்னது பொய் அல்ல. ஆனால் சொன்ன நோக்கம் பொய்.

வனஸ்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கொலஸ்ட்ரால் இல்லை. தாவர எண்ணெயைத்தான் கெட்டியாக்கினார்கள். அப்படிக் கெட்டியாக்கும்போது பிறக்கிற ‘டிரான்ஸ்’ கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றி, அதே சமயம் எச்.டி.எல்.லை இறக்குகிறது என்று 1990-ல் நெதர்லாந்துக்காரர்கள் சோதித்துக் காட்டினார்கள். நெய்யைவிட மோசமான அந்தப் பண்டத்தை நெய்க்குப் பதிலாக நம் மிட்டாய்க் கடைகளும் ரொட்டிக் கிடங்குகளும் எத்தனை வருஷம் புழங்கின! உணவில் அந்தக் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இந்தியாவில் 2022 ஜனவரியில்தான் வந்தது.

தேங்காய் எண்ணெய், பாமாயில் கதையும் இதுவே. கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. ஆனால் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, தேங்காய் எண்ணெயில் பாதிக்கும் வெகு அதிகம், நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரல் தன் வாசலில் தோணிகளை நிறுத்திச் சரக்கை இறக்கிக்கொள்கிற வேலையை மந்தப்படுத்துவது அந்தக் கொழுப்புதான். ஒரு முட்டையில் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறதே என்று நடுங்குகிறவர், அதைவிட இதைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். ரேஷன் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் பாமாயிலை வாங்கிப் பொரிக்கிற ஏழை வீட்டுக்காரியை நான் குறை சொல்ல வரவில்லை. அவளிடம் போய் ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்கிற பத்திரிகைக் குறிப்புகளைத்தான் குறை சொல்கிறேன். மலிவாக நல்லது கிடைக்கச் செய்வது சர்க்காரின் பொறுப்பு. சாப்பிடுகிறவளின் ஒழுக்கம் அல்ல.

அடுத்து, வலப்பக்கத்து வாலிபர். இவர் எனக்கு அதிகக் கவலை தருகிறார்; ஏனென்றால், இவர்தான் இப்போது ஜெயித்துக்கொண்டு வருகிறார். வாட்ஸப்பைத் திறந்தால் இவருடைய குரல்தான். ‘மூளைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதைக் குறைத்தால் புத்தி கெடும்’ என்று ஒருவர். ‘முயலுக்குக் கொழுப்பைப் போட்டுக் கண்டுபிடித்தது மனுஷனுக்குப் பொருந்துமா?’ என்று இன்னொருவர். பேச்சு முடிகிற இடத்தில் ஒரு லேகியமோ, ஒரு எண்ணெயோ, ஒரு முகாமோ விற்பனைக்கு வந்து நிற்கும். மருந்துக் கம்பெனி லாபத்துக்காக விற்கிறது என்று முழங்குகிறவர் இதைத் தர்மத்துக்கா கொடுக்கிறார்?

அவர்கள் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. மூளைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும்; வாஸ்தவம். ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடுகிற எல்.டி.எல். தோணிக்கு அந்தக் கோட்டைக்குள் நுழைவு கிடையாது. முயல் விஷயமும் வாஸ்தவம்தான். ரஷ்யாவில் அனிச்கோவ் என்பவர் 1913-ல் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீனியில் கலந்து கொடுத்து, அவற்றின் ரத்தக் குழாய்களில் இந்தக் கட்டிகளைக் கண்டார். முயல் புல் தின்கிற பிராணி ஆயிற்றே என்று அன்றே ஆட்சேபித்தார்கள், நியாயமான ஆட்சேபம். ஆனால் வழக்கு முயலோடு முடிந்துபோகவில்லை.

டெக்ஸாஸ் மாகாணத்தில் பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு டாக்டர்கள், சிறு பிராயத்திலேயே மாரடைப்பு வருகிற சில குழந்தைகளை ஆராய்ந்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதை வாங்கிப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். அணுக்களின் வாசலில் எல்.டி.எல். தோணியைக் கட்டி நிறுத்துகிற முளை அவர்களுக்கு இல்லை. தோணிகள் இறங்க இடமில்லாமல் ரத்தத்திலேயே பெருகின. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1985-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பிறகு 2006-ல் அதே ஊரிலிருந்து நேர்மாறான சாட்சியும் வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் சிலருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். 28 சதவிகிதம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு இருதயக் குழாய் நோய் வந்தது மற்றவர்களைவிட 88 சதவிகிதம் குறைவு. அந்தக் குழந்தைகள் எந்த மாத்திரையை விற்கப் பிறந்தார்கள்? இவர்கள் எந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கினார்கள்? பிறவியில் ஏறிப்போனவனும் பிறவியில் இறங்கியிருந்தவனும் ஒரே சாட்சியத்தைச் சொல்கிறார்கள். இதற்குமேல் ஒரு வழக்கில் என்ன வேண்டும்?

‘தாத்தா நெய் சாப்பிட்டுத் தொண்ணூறு வயது இருந்தார்’ என்கிற வாதத்துக்கு வருகிறேன். இருந்திருப்பார். நீண்ட நாள் இருந்த தாத்தாவைப் பற்றிப் பேசப் பேரன்மார் உண்டு. சீக்கிரம் போன தாத்தாவை ஒரு பேரனும் பார்த்ததில்லை. என் பெரியப்பா 48 வயதில் போனார். ‘வாயு அடைத்துவிட்டது’ என்றார்கள். நம் ஊர்களில் எத்தனை மாரடைப்புகள் வாயு என்ற பெயரிலேயே சுடுகாட்டுக்குப் போயிருக்கின்றன! அவற்றையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதினோம்?

மாத்திரை வெளிநாட்டுச் சதி என்பார்கள். அதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்றொரு விஞ்ஞானி. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பூஞ்சைகளில் மருந்து கிடைக்கும் என்று நம்பி, 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைத் தன் கூட்டாளிகளோடு ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் 1973-ல், கியோட்டோ நகரத்து அரிசிக்கடை ஒன்றிலிருந்து வந்த அரிசியில் பூத்திருந்த பூஞ்சையில் அது கிடைத்தது. ஸ்டாட்டின் என்ற மருந்துக் குடும்பத்துக்கு அதுதான் ஆதி. எண்டோ 2024-ல் காலமானார். அரிசியில் பூத்த மருந்தை அரிசி தின்கிற நாம் அந்நியம் என்கிறோம்!

அது என்ன செய்கிறது? ஒரு வீட்டுக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிணறு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் அவன் என்ன செய்வான்? தெருக்குழாயில் கூடுதலாக நாலு குடம் வைப்பான். கல்லீரல்தான் அந்த வீட்டுக்காரன். அதன் சொந்த உற்பத்தியை மாத்திரை குறைக்கிறது. அது ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சங்கதி. எல்.டி.எல். சுமார் 40 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கம்பெனிகள் இதில் கொள்ளை லாபம் அடித்தன என்பதை நான் மறுக்கவில்லை. செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு மாத்திரை தசையைச் சிதைத்து உயிர்களை வாங்கியதால் 2001-ல் அதைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டி வந்ததையும் நான் மறைக்கவில்லை. மற்ற ஸ்டாட்டின்களிலும் சிலருக்குத் தசைவலி வரும். சர்க்கரை வியாதியின் விளிம்பில் இருப்பவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மாற்றித் தருவார். ஆனால் எல்லா வலிக்கும் மாத்திரைதான் காரணமா? 2020-ல் லண்டனிலிருந்து ஒரு பரிசோதனை வெளிவந்தது. பக்கவிளைவு தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் தந்த உபத்திரவத்தில் 90 சதவிகிதம் வெறும் மாத்திரையிலும் வந்தது! பயத்துக்கும் ஒரு வலி உண்டு. அந்த வலி நிஜமான வலிதான். ஆனால் அதைத் தந்தது மருந்து அல்ல, மருந்தைப் பற்றிய பேச்சு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப்பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள்.

இனி என் அண்ணன்.

அவர் நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டார். 204 இறங்கி 112 ஆயிற்று. “சரியாப் போச்சுலே” என்று சந்தோஷமாகச் சொன்னார், நிறுத்திவிட்டார். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிற பழக்கம் நமக்கு. இது காய்ச்சல் அல்லவே! மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே போய்விடும். அதை அவருக்கு யாரும் உறைக்கும்படி சொல்லவில்லை. டாக்டருக்கு வாசலில் நாற்பது பேர் காத்திருந்திருப்பார்கள்.

அப்புறம், அவர் கூட வேலை பார்க்கிற ஒருவர் ஒரு பேச்சை அனுப்பிவைத்தார். ‘கொலஸ்ட்ரால் ஒரு கட்டுக்கதை’ என்று அரைமணி நேரப் பேச்சு. அண்ணன் அதை எனக்கு அனுப்பினார். “இதைக் கேளு. நாம அன்னைக்கே சிரிச்சோம்லா?” என்று கேட்டார். நான் கேட்டேன். பேசியவருக்கு நல்ல குரல், நல்ல தமிழ். ‘சுவாரஸ்யமாகப் பேசுகிறார்’ என்று பதில் எழுதினேன். நாலாயிரம் பக்கம் எழுதியிருக்கிற கையால் நான் எழுதியதிலேயே கேவலமான வரி அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு புரட்டாசிக் காலையில், ஆற்றிலிருந்து திரும்பி வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். “வாயு மாதிரி இருக்கு, ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டா” என்றாராம். வெந்நீர் வந்தபோது அவர் இல்லை. வயது 51.

மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அதை யாராலும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய நாடுகளின் பரிசோதனையில், ஏற்கெனவே இருதய நோய் கண்ட 4,444 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் இறந்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 8 பேர். மாத்திரை சாகாவரம் அல்ல. சாப்பிட்டும் எட்டுப் பேர் இறந்தார்கள். ஆனால் அந்த நாலு பேர்? அந்த நாலு பேருக்கும் திண்ணையும் சைக்கிளும் பெண்டு பிள்ளைகளும் உண்டு. அவர்களில் ஒருவராக இருக்கிற வாய்ப்பை என் அண்ணனுக்கு நான் சிரித்தே இல்லாமல் செய்தேன். பந்தியில் நான் ஊமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பிள்ளைகள் இரண்டு பேரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். மகளுக்கு ஒன்றும் இல்லை. பதினேழு வயது மகனுக்கு எல்.டி.எல். 198. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைப் பழுது உண்டு. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்குவது பாதிக்குப் பாதி. பத்திரம் எழுதாமலே கைமாறுகிற சொத்து! பெரியப்பாவின் 48-ம், அண்ணனின் 51-ம் வாயு அல்ல என்பதை அந்தப் பையனின் காகிதம் சொல்லிற்று. இன்று அவன் மாத்திரை சாப்பிடுகிறான். நானும் பார்த்துக்கொண்டேன்; எனக்கு 162. நானும் சாப்பிடுகிறேன்.

“அண்ணி, நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கிட்டா என்ன?” என்று கேட்டேன். “எனக்கு என்ன தம்பி, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றார்கள். ஐம்பது வயதுக்குள் ஒரு தடவைகூட அவர்கள் கையில் யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை, பிரசவத்தைத் தவிர. வற்புறுத்திக் கூட்டிப் போனேன். எல்.டி.எல். 171, சர்க்கரையும் இருந்தது. புருஷனுக்கு எண்ணெய் குறைத்து, உப்புக் குறைத்துச் சமைத்துப் போட்டவள். அவளுடைய எண் என்ன என்று அந்த வீட்டில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாரடைப்பு ஆண்பிள்ளை வியாதி என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது? மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் எல்.டி.எல். ஏறத்தான் ஏறுகிறது.

இருதயக் கோளாறுக்கு இந்த எண் ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. புகை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. கீரையும் பயறும் காய்கறியும் கூட்டி, பொரித்ததையும் நெய்யையும் குறைத்து, நடந்தால் எண் ஓரளவு இறங்கும். அதை எல்லோரும் செய்யவேண்டும். ஆனால் 204-ஐக் கீரையால் மட்டும் 100-க்குக் கொண்டுவர முடியாது. அப்போது மாத்திரை சாப்பிடுவது தோல்வி அல்ல, ஒழுக்கக் குறைவும் அல்ல. கண்ணாடி போட்டுக்கொள்கிறவன் கண்ணுக்குத் துரோகமா செய்கிறான்?

52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2004-ல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வருகிற வயது மற்ற நாட்டாருக்குச் சராசரி 59 என்றால், தெற்காசியராகிய நமக்கு 53 என்று அதில் தெரிந்தது. நம் பயல்களுக்கு ஆறு வருஷம் முன்னதாகவே சீட்டுக் கிழிகிறது. இந்திய இருதய மருத்துவர் சங்கம் 2024-ல் எல்லைகளை வகுத்துத் தந்திருக்கிறது: சாதாரண மனிதனுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே, ஆபத்து அதிகமுள்ளவனுக்கு 70-க்குக் கீழே, மாரடைப்புக் கண்டவனைப் போல மிக அதிக ஆபத்தில் இருப்பவனுக்கு 55-க்குக் கீழே. தமிழ்நாட்டு அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருகிறவனுக்கு முதலில் கொடுக்கிற மாத்திரைகளில் அடோர்வாஸ்டாட்டினும் ஒன்று. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் வலி வந்து ஓடி வருகிற நாளில் கொடுக்கிற அந்த மாத்திரையை, வலி வராத இருபது வருஷங்களில் வேண்டியவனுக்கு யார் கொடுப்பது? ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிற சர்க்கார், இந்த ஒரு எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிட்டுப் போனால் என்ன?

சர்க்கார் கேட்கிற வரை நாமாவது கேட்கலாம். அடுத்த பந்தியில் எவரேனும் இலைக்குமேல் கையை விரித்து, “வேண்டாம், கொலஸ்ட்ரால்!” என்று கத்தினால், “உங்கள் எண் என்ன?” என்று கேளுங்கள். “அதெல்லாம் கட்டுக்கதை” என்று ஒருவர் சிரித்தால், அவரையும், “உங்கள் எண் என்ன? உங்கள் தகப்பனார் எத்தனை வயதில் போனார்?” என்று கேளுங்கள். பரிமாறிக் களைத்து, கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோற்றுக்கு உட்காருகிற பெண்களையும் மறக்காமல் கேளுங்கள். ‘ஊர்ப் பயலுக்கு எவ்வளவு கொழுப்பு, சாப்பாட்டு இலையில் வந்து எண் கேட்கிறான்’ என்று ஏசுவார்கள்.

ஏசட்டும். அந்தக் கொழுப்பு நமக்கு இருக்கலாம்.